அண்ணன் தங்கை கதை என்று நான் சொன்ன படம்

நெடுங்காலம் எனக்குத் தெரிந்த அமெரிக்கச் சினிமாவில் ஒருவரும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை. குதிரையில் வருவார்கள், சுடுவார்கள், மழையில் நனைவார்கள், தொப்பியைக் கழற்றி மேசையில் வைப்பார்கள். பிறகு ஆணும் பெண்ணுமாக இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்தபடி கிட்டக் கிட்ட வருவார்கள். அந்த நேரம் பார்த்து நான் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவேன். தேத்தண்ணியோடு திரும்பி வரும்போது அவர்கள் வேறு ஊரில் இருப்பார்கள், அல்லது இரண்டு பேரில் ஒருவர் செத்துப்போயிருப்பார். இடையில் விட்டுப்போனதை நானே ஒட்டிக்கொள்வேன். அதில் எனக்கு நல்ல கெட்டித்தனம் இருப்பதாகவும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பீல் நகரத்தில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. அதில் நான், என் கணவர், கணவரின் தமையன் என்று மூன்று பேர். தமையனை நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். எங்களுக்கெல்லாம் முதல் சுவிசுக்கு வந்தவர் அவர்தான். டாவோசில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவி, பிறகு பீலுக்கு இறங்கி வந்து இங்கே ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். தம்பியைக் கூப்பிட்டு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டார். தம்பிக்குக் கல்யாணம் பேசி என்னையும் கூப்பிட்டார். தான் கட்டவில்லை. தங்கச்சிமார் எல்லோரையும் கரைசேர்க்கும்வரை பொறுத்திருந்தார். அவர்கள் கரைசேர்ந்தபோது இவருக்கு நாற்பது தாண்டிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் அவர் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர். சனிக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய் இங்கிலீஷ் படம் பார்ப்பது ஒன்றுதான் அவரிடம் இருந்த கெட்ட பழக்கம் என்று அவரின் தாய், என் மாமி, சொல்லுவா. பீலுக்கு வந்த பிறகு அது முற்றிவிட்டது. யாரோ பாவித்த வீடியோ டெக் ஒன்றை வாங்கி, ஜெர்மன் தொலைக்காட்சியில் போகிற பழைய அமெரிக்கப் படங்களையெல்லாம் பதிந்து வைத்திருந்தார். ஒவ்வொரு கசெற்றிலும் தானே ஒரு தமிழ்ப் பெயர் வைத்து எழுதி ஒட்டியிருப்பார். நொண்டிப் பொலிஸ்காரன், பெட்டிக்குள்ளை காசு, படகுக்காரி, இப்படி. சிரிக்கத் தெரியாத மனிதர் என்று நான் முதலில் நினைத்திருந்தேன். அந்தப் பெயர்களைப் படித்த பிறகுதான் ஆள் உள்ளுக்குள்ளே சிரிக்கிறவர் என்று பிடிபட்டது.

திங்கட்கிழமை அவருக்கு லீவு. பின்னேரம் படம் போடுவார். கைபிடி வைத்த ஒரே கதிரையில் அவர் இருப்பார். சோபாவின் ஒரு கரையில் என் கணவர். குசினி வாசலோடு ஒரு ஸ்டூலில் நான். படத்தில் அந்தக் கட்டம் வருமாப்போல இருந்தால் என் கணவர் தொண்டையைச் செருமுவார். பெரியத்தான் கண்ணாடியைக் கழற்றிச் சறத்து நுனியால் துடைக்கத் தொடங்குவார். நான் எழும்புவேன். எழும்பிப் போ என்று ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை. ஊரில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என்னைப் பெற்ற ஐயா இருக்கும் இடத்தில் தமிழ்ப் படத்தில் கதாநாயகன் கதாநாயகியின் கையைப் பிடித்தாலே எனக்குத் தண்ணீர் விடாய்த்துவிடும். கணவரின் தமையனுக்கு முன்னால் இருந்துகொண்டு, வெள்ளைக்காரர் வாயோடு வாய் வைப்பதைப் பார்ப்பதா? நினைத்தாலே காது சுட்டது. அமெரிக்கர்களின் புண்ணியத்தில் எங்கள் வீட்டில் தேத்தண்ணிக்குப் பஞ்சமில்லை.

அந்தக் கசெற்றுகளில் எனக்குப் பிடித்தது படகுக்காரி. கறுப்பு வெள்ளைப் படம். பெரிய ஆறு ஒன்றில் ஆட்களை ஏற்றி இறக்குகிற பாதைப்படகை ஒரு பெண் நடத்துகிறாள். சண்டையால் திரும்பி வருகிற ஒருவன் பெட்டியோடு அந்த வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். வீட்டுக் கிழவி அவனைக் கட்டிப்பிடித்து அழுகிறாள். மேல் அறையைக் கொடுக்கிறார்கள். படகை அவன் திருத்திக் கொடுக்கிறான். மழையில் நனைந்தாள் என்று அவளை ஏசுகிறான், உடுப்புத் துணி வாங்கி வந்து கொடுக்கிறான், அவளை நக்கலடித்தவனை ஆற்றுக்குள் தள்ளி விழுத்துகிறான். கடைசியில் பெரிய கப்பலில் ஏறிப் போய்விடுகிறான். அவள் கரையில் நின்று அழுகிறாள். ஜெர்மன் மொழியில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் விளங்க என்ன இருக்கிறது? துணி வாங்கிக் கொடுக்கிறவன், மழைக்கு ஏசுகிறவன், நக்கலடித்தவனுக்கு அடிக்கிறவன் யார்? எங்கள் தமிழ்ப் படங்களில் நான் எத்தனை தமையன்மாரைப் பார்த்திருக்கிறேன்.

ஒரேயொரு தரம் கணவரிடம் கேட்டேன்.

"உவை ரெண்டு பேரும் ஆர்?"

அவர் தமையன் இருந்த பக்கம் ஒருக்கால் பார்த்தார்.

"சொந்தக்காரர்தான். படத்தைப் பாரும்."

எனக்கு அது போதுமாக இருந்தது. ஒவ்வொரு தரமும் அந்தத் தங்கச்சிக்காக நான் அழுதேன்.

பகலில் வீடு என்னைத் தின்றது. இரண்டு பேரும் வேலைக்குப் போய்விடுவார்கள். யன்னலால் பார்த்தால் சினோ என்று நாங்கள் சொல்லுகிற வெண்பனி, அதற்கு மேலே நடந்து போகிற தொப்பிகள். தேவாலய மண்டபம் ஒன்றில் வெளிநாட்டுப் பெண்களுக்குப் பிரெஞ்சு படிப்பித்தார்கள். பீலில் பாதிப் பேருக்கு ஜெர்மன், பாதிப் பேருக்குப் பிரெஞ்சு. வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் வேலையிடத்தில் ஜெர்மன் கதைக்கிறவர்கள், பிரெஞ்சு தெரியாது. நான் பிரெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். வகுப்பு ஆசிரியை ஒரு நாள் எங்களுக்கெல்லாம் தியேட்டர் ரிக்கற் கொண்டுவந்து தந்தா. அவவின் சிநேகிதி ஒரு சின்னத் தியேட்டர் நடத்தினாவாம். அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிறு காலைகளில் அமெரிக்கச் சினிமாவின் வரலாற்றை முதலிலிருந்து வரிசையாகக் காட்டுகிறாவாம். வரலாறு என்ற சொல்லால்தான் வீட்டில் விட்டார்கள். படம் பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் கதை வேறு.

முதல் நாள் பேசாப் படங்கள். ஒரு கிழவர் பக்கத்தில் இருந்து பியானோ வாசித்தார். திரையில் ஒருவன் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்புகிறான்; பின்னால் நிற்கிறவன் விழுகிறான். எழும்பி நிற்கிறான், திரும்பவும் விழுகிறான். நான் சிரித்தேன். சுவிசுக்கு வந்து ஒரு வருசத்துக்கு மேல் ஆகியிருந்தது; அங்கே இருந்த வெள்ளைக்காரர்களோடு ஒரே நேரத்தில் நான் சிரித்தது அன்றுதான். பஸ்சில், கடையில், அரசாங்கக் கந்தோரில் எல்லாம் அவர்கள் சிரித்து முடிந்த பிறகுதான் எனக்கு விளங்கும், அல்லது விளங்காது. அன்று எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவி என் முழங்கையைத் தட்டித் தட்டிச் சிரித்தா. அவ யார் என்றே எனக்குத் தெரியாது.

தியேட்டர் நடத்துகிற மதாம் படம் தொடங்க முதல் கொஞ்சம் கதைப்பா. தொடக்கத்தில் காசு போட்டு ஒரு துவாரத்துக்குள்ளால் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்த காலம், பிறகு வெயிலைத் தேடிப் படக்காரர் எல்லோரும் மேற்குக் கரைக்குப் போனது, பிறகு படம் பேசத் தொடங்கியது. பேசத் தொடங்கியதும் உச்சரிப்புச் சரியில்லை என்று பெரிய பெரிய நடிகர்களுக்கெல்லாம் வேலை போய்விட்டதாம். எனக்கு அவர்களோடு உடனே ஒரு சொந்தம் வந்தது. இன்னொரு ஞாயிறு தணிக்கை விதிகளைப் பற்றிச் சொன்னா. முத்தம் நீளக்கூடாது, புருசன் பெண்சாதிக்கும் கட்டில் இரண்டாக இருக்கவேண்டும் என்றெல்லாம் அமெரிக்காவில் கட்டுப்பாடு இருந்ததாம். சனம் சிரித்தது. அங்கேயும் ஒரு பெரியத்தான் இருந்திருக்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

மார்கழியில், அங்கே ரிக்கற் கிழிக்கிற பெண் வேறு ஊருக்குப் போக இருந்தாள். மதாம் என்னைக் கேட்டா. ஞாயிறு காலையில் ரிக்கற் கிழிக்கவேண்டும், ரோச் லைற் பிடித்து ஆட்களுக்கு இடம் காட்டவேண்டும், இடைவேளையில் சொக்லேற் விற்கவேண்டும், மிச்ச நேரம் பின்னால் ஒரு மடக்குக் கதிரையில் இருந்து படம் பார்க்கலாம். வாழ்க்கையில் அதற்கு முதலும் பிறகும் எந்த வேலையையும் நான் அப்படி விரும்பியதில்லை. அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கோட் பொக்கற்றுக்குள் கையை விட்டு ரோச் பிடித்துப் பழகிக்கொண்டு போனேன்.

வீட்டில் சொன்னபோது கணவர் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார்.

"தியேட்டரிலையோ? இருட்டுக்குள்ளை ரோச் அடிச்சுக்கொண்டோ? சனம் என்ன கதைக்கும்?"

பீலில் அப்போது இருந்த எங்கள் சனத்தை ஒரு பஸ்சுக்குள் ஏற்றிவிடலாம். ஆனால் கதைக்க அது போதும். நான் பெரியத்தானைப் பார்த்தேன். இப்படியான விசயங்களில் முடிவு அவருடையதுதான். அவர் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, துடைத்துவிட்டு வந்து சொன்னார்.

"நான் ஒருக்கா வந்து பாத்துப்போட்டுச் சொல்லுறன், பிள்ளை."

மதாமின் தியேட்டரில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும், படம் தொடங்க முதல், பார்க்க வந்தவர்களில் ஒருவர் முன்னுக்குப் போய் அன்றைய படத்தைப் பற்றி ஐந்து நிமிசம் கதைக்கவேண்டும். அடுத்த கிழமைப் படத்தின் போஸ்டரை மதாம் வாசலில் ஒட்டியபோது நான் பார்த்தேன். ஆறு, பாதைப்படகு, கயிற்றைப் பிடித்தபடி அந்தப் பெண். எங்கள் படகுக்காரி. எனக்குத் தலைகால் தெரியவில்லை. இந்தப் படத்தைப் பத்துத் தரம் பார்த்திருக்கிறேன், நான் கதைக்கிறேன் என்று மதாமிடம் சொன்னேன். மதாம் என்னைக் கட்டிப்பிடித்தா. பெரியத்தான் வருகிற ஞாயிறு அவருக்கே பிடித்த ஒரு படம், அதுவும் அண்ணன் தங்கைப் பாசம் சொல்லுகிற படம், அதற்கு முன்னால் நான் எழும்பி நின்று பிரெஞ்சில் கதைக்கிறேன். இதற்குப் பிறகும் மறுப்பாரா?

கிழமை முழுக்கக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடமாக்கினேன். ஞாயிற்றுக்கிழமை கூறைக்கு அடுத்தபடியாக என்னிடம் இருந்த நல்ல சேலையை உடுத்து, அதற்கு மேல் கோட் போட்டுக்கொண்டு போனேன். பெரியத்தான் வெள்ளைச் சேட் போட்டு, தலையை ஒட்ட வாரியிருந்தார். தியேட்டருக்குள் நுழைந்ததும் அண்ணாந்து கூரையைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார், பிறகு படம் ஓட்டுகிற துவாரத்தைத் திரும்பிப் பார்த்தார். ஊரை விட்டு வந்த பிறகு அவர் தியேட்டர் ஒன்றுக்குள் வைத்த முதல் கால் அது. கோயிலுக்குள் வந்ததுபோலத் தொப்பியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

மதாம் படத்தைத் தொடக்கிவிட மேலே போய்விட்டா. நான் முன்னுக்குப் போனேன். கோட்டைக் கழற்றிவிட்டேன், சேலை தெரியவேண்டும் என்ற ஆசை.

இது ஒரு அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையிலான அன்பைப் பற்றிய படம் என்று தொடங்கினேன். எங்கள் நாட்டில் இந்த அன்பு மிகப் பெரியது என்றேன். தங்கைக்காகக் கல்யாணமே கட்டாமல் இருக்கிற தமையன்மார் எங்களிடம் இருக்கிறார்கள், அப்படியான ஒருவர் இன்றைக்கு இங்கே இருக்கிறார் என்று சொல்லிப் பெரியத்தான் இருந்த பக்கம் கையைக் காட்டினேன். சனம் திரும்பி அவரைப் பார்த்தது. அவருக்குப் பிரெஞ்சு விளங்காது. மரியாதைக்குத் தலையைக் குனிந்தார். உங்களுக்கு இந்தத் தங்கையின் கண்ணீர் அவ்வளவாக விளங்காமல் போகலாம், எங்களுக்கு நன்றாக விளங்கும் என்று முடித்தேன். முன்வரிசையில் ஒரு மனுசி நெற்றியைச் சுருக்கியபடி என்னைப் பார்த்தா. நான் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டேன். கை தட்டினார்கள்.

வந்து என் இடத்தில் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் கணவர், அவருக்கு அங்கால் நடைபாதைக் கரையில் பெரியத்தான். விளக்கு அணைந்தது.

படம் இங்கிலீஷில் ஓடியது. கீழே பிரெஞ்சும் ஜெர்மனும் இரண்டு வரியாக வந்தன. முதல் தரமாக எனக்கு அந்தப் படத்தின் வசனம் விளங்கத் தொடங்கியது. வாசலில் பெட்டியோடு வந்து நின்றவன் கிழவியிடம், உங்கள் மகனும் நானும் ஒன்றாக இருந்தோம், அவன் கடைசியாக என்னிடம்தான் கதைத்தான் என்றான். கிழவி அவனைக் கட்டிப்பிடித்து அழுதாள். கிழவியின் மகன் செத்துவிட்டான். இவன் அவனுடைய சிநேகிதன். அந்தப் பெண் செத்தவனின் பெண்சாதி. மூன்று வரிதான். இல்லை, பிரெஞ்சை நான்தான் பிழையாகப் படிக்கிறேன் என்று கொஞ்ச நேரம் மனத்தைச் சமாளித்துப் பார்த்தேன்.

பிறகு ஆற்றில் பனிப்புகார் வந்து மூடியது. படகு நடு ஆற்றில் நின்றது. அவளின் கையில் இருந்த கயிற்றை அவன் வாங்கினான். இரண்டு பேரும் கிட்டக் கிட்ட வந்தார்கள். வீட்டில் நான் எழும்புகிற இடம் இது. கால் தானாக நிலத்தில் ஊன்றியது. எங்கே போவது? குசினி இல்லை. வீட்டுத் தொலைக்காட்சியில் உள்ளங்கை அளவு இருந்த முகங்கள் இங்கே வீட்டுச் சுவர் அளவுக்கு இருந்தன. அவன் அவளை முத்தமிட்டான். தணிக்கை விதியும் மண்ணாங்கட்டியும், அது முடிகிறதாயில்லை.

பின்னால் யாரோ ஒருவர், மெதுவாக, ஓ, இதுதான் அண்ணன் என்றார். ஒரு சிரிப்புக் கேட்டது. அடக்கப் பார்த்த சிரிப்பு இன்னொன்று. பிறகு தியேட்டரே சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை என்பது இப்போது எனக்குத் தெரியும். அன்று தெரியவில்லை. பேசாப் படத்துக்கு என் முழங்கையைத் தட்டின அந்தக் கிழவியும் அதற்குள் சிரித்துக்கொண்டிருப்பா. வெட்கம் என்று சொன்னால் காணாது. சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டேன். இத்தனை பேருக்கு முன்னால், அண்ணனும் தங்கையும் முத்தமிடுகிறதைத்தான் எங்கள் நாட்டில் பெரிய அன்பு என்கிறோம் என்று நானல்லவா சொல்லி வைத்திருக்கிறேன். அதுவும் பெரியத்தானைக் கையால் காட்டி.

என் கணவர் தொண்டையைச் செருமினார். பழக்கதோசம். நான் அசையவில்லை. அப்போது கரையில் இருந்த பெரியத்தான் எழும்பினார். குனிந்துகொண்டு, ஒருவருக்கும் திரையை மறைக்காமல், நடைபாதையால் நடந்து வெளியே போனார். கதவு திறந்து மூடியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். வேலையும் போச்சு, மானமும் போச்சு.

இடைவேளைக்கு விளக்குப் போட்டார்கள். வெளியே வந்தேன். பெரியத்தான் வாசல் மண்டபத்தில் நின்று, சுவரில் இருந்த பழைய படங்களின் போஸ்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மதாம் அவருக்குப் பக்கத்தில் நின்று ஜெர்மனில் ஏதோ சொன்னா. யாரோ மதாமுக்கு என் பேச்சைச் சொல்லியிருக்கவேண்டும். இப்போது அவ அதை அவருக்குச் சொல்லுகிறா. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். என்னைக் கண்டதும் மதாம் வந்து தோளில் கை வைத்து, இந்தப் படத்தை இதுவரை ஒருவரும் இப்படிப் பார்த்ததில்லை என்றா. அன்பாகத்தான் சொன்னா. அதைவிடக் கன்னத்தில் ஒரு அறை தந்திருக்கலாம். அடுத்த ஞாயிறு வேலைக்கு வருவாயா என்றும் கேட்டா. நான் பெரியத்தானைப் பார்த்தேன். அவர் போஸ்டரைப் பார்த்தார்.

மணி அடித்தது. அவர் உள்ளே வரவில்லை. நானும் கணவரும் பக்கத்தில் ஒரு வெறும் கதிரையோடு மிச்சப் படத்தைப் பார்த்தோம். கப்பல் போனது. அவள் கரையில் நின்று அழுதாள். எனக்கு மனப்பாடமான அந்த முகம் வேறொரு முகமாக இருந்தது. அவள் எதற்காக அழுதாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பத்துத் தரம் அழுத நான் அன்று அழவில்லை.

வாய்க்கால் கரையால் வீட்டுக்கு நடந்தோம். வழமைபோலப் பெரியத்தான் முன்னால், நாங்கள் இரண்டு பேரும் பின்னால். சினோ உறைந்து வழுக்கியது. ஒரு பாலத்தடியில் அவர் நடையைக் குறைத்தார். திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"பிள்ளை, அவ உம்மை எப்ப வரச்சொன்னவ?"

"அடுத்த ஞாயிறு. நான் ஏலாது எண்டு சொல்லுறன்."

"ஏன்?"

நான் கோட் பொத்தானைப் பூட்டினேன். அவரே தொடர்ந்தார்.

"எங்கடை வீட்டிலை நீர் ஒரு படமும் முழுசாப் பாக்கேல்லை. அப்ப வேறை என்னெண்டு விளங்கும்? அது உம்மடை பிழை இல்லை."

கணவர் இடையில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியத்தான் விடவில்லை.

"வேலைக்குப் போம். ஆனா அங்கை நீர் எழும்பிப் போகேலாது, அது உம்மடை வேலை. அப்ப நான்தான் வெளியிலை நிக்கவேணும். நான் இனி அங்கை வரமாட்டன்."

"அண்ணை, அது வெறும் படம்தானே," என்றார் என் கணவர்.

"ஓம். படம்தான்," என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. சந்தோசப்பட முடியவில்லை. அந்த மனிதர் தியேட்டருக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்த பார்வையை நான் கண்டிருந்தேன். தொப்பியைக் கையில் எடுத்ததைக் கண்டிருந்தேன். பீலில் பழைய அமெரிக்கப் படங்களைப் பெரிய திரையில் காட்டுகிற இடம் எனக்குத் தெரிய அது ஒன்றுதான். அதற்குள் இருந்து பார்க்கிற சுகத்தை எனக்குத் தந்துவிட்டு அவர் வெளியே நின்றுகொண்டார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு ஆசைப்பட்டவள், சொல்லவில்லை.

ஞாயிறுகள் போயின. ரோச் பிடிக்கப் பழகிவிட்டேன். என் பேச்சு நடந்த நாளில் சிரித்தவர்களுக்கெல்லாம் நானே இடம் காட்டினேன். முதல் இரண்டு கிழமை முகம் பார்க்காமல் சப்பாத்தைப் பார்த்துத்தான் காட்டினேன். பிறகு அவர்களே கை தந்து வணக்கம் சொல்லத் தொடங்கினார்கள். மதாமின் வரலாறு கலருக்கு வந்தது, பிறகு அகலத்திரைக்கு வந்தது. மடக்குக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் முழுசாகப் பார்த்தேன். முத்தம் வருகிற இடங்களில் இருட்டுக்குள் தனியாக இருந்துகொண்டே வெட்கப்பட்டேன்.

படம் முடிந்து வரும்போது பெரியத்தான் வாய்க்கால் பாலத்தடியில் நிற்பார். கணவருக்கு ஞாயிறு நித்திரை. வழுக்குகிற வழியில் நான் தனியே வரக்கூடாது என்று இவர் வந்து நிற்பார். எப்போதும்போல நாலு அடி முன்னால் நடப்பார். கொஞ்சத் தூரம் போனதும், "இண்டைக்கு என்ன படம், பிள்ளை?" என்று கேட்பார். நான் சொல்லுவேன். அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து கடைசி மட்டும் கதை சொல்லுவேன். அந்தக் கட்டம் வரும்போது என் நாக்குத் தானாகத் தாண்டிவிடும். ரெண்டு பேருக்கும் நல்ல பழக்கம் வந்திட்டுது, அடுத்த நாள் காலமை என்று தொடங்கிவிடுவேன். அவர் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டு வருவார்.

ஒரு ஞாயிறு பாலைவனப் படம். திரை முழுக்க மணல், ஒரு கரையில் இருந்து ஒட்டகங்கள் வந்து மற்றக் கரையை அடைய எவ்வளவு நேரம் எடுக்கிறது. அன்று எனக்கு வாய் மூடவில்லை. மணலின் நிறத்தைச் சொன்னேன், கமராவை எங்கே வைத்திருப்பார்கள் என்று சொன்னேன், கூடாரத்துக்குள் நடந்ததைத் தாண்டிச் சண்டையைச் சொன்னேன். அவர் இடையில் ஒன்றுமே கேட்கவில்லை. வீட்டு வாசலுக்கு வந்ததும், "நல்ல படம்போலை கிடக்கு," என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினார். ரெஸ்ரோரண்டுக்கு வெளிக்கிட வேண்டும் என்று அறைக்குள் போனார்.

குசினியில் கணவர் நின்றார். அவருக்கும் அந்தக் கதையைத் தொடங்கினேன். ஒட்டகம் வரைக்கும்தான் போனேன்.

"உந்தப் படத்தையோ? அது வந்த காலத்திலை அண்ணை எத்தினை சனிக்கிழமை போய்ப் பாத்தவர் தெரியுமோ? என்னையும் ஒருக்கா சைக்கிள் பாரிலை ஏத்திக்கொண்டு போனவர். திரையிலை ஒரு கிழிசல் இருந்தது, மணலுக்கு நடுவிலை. இங்கை பெரிசா, கிழிசல் இல்லாமப் பாக்கவேணும் எண்டு முந்தநாளும் சொல்லிக்கொண்டிருந்தவர்."

கையில் இருந்த கேத்திலை வைத்துவிட்டு நின்றேன். அவர் மனப்பாடமாக அறிந்த படத்தை அவருக்கே கதை சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். எந்த எந்த இடத்தை நான் தாண்டினேன் என்று அவருக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்திருக்கும். மற்றப் படங்களிலும் எத்தனை அவர் பார்த்த படங்களோ. பக்கத்து அறையில் அவர் சேட்டுக்கு அயன் பிடிக்கிற சத்தம் கேட்டது. அன்று அவர் வேலைக்குப் போகும்வரை நான் குசினியை விட்டு வெளியே வரவில்லை. இனி அவருக்கு முன்னால் எந்த முகத்தோடு நடப்பது என்று கிழமை முழுக்க யோசித்தேன்.

அடுத்த ஞாயிறும் அவர் பாலத்தடியில் நின்றார். நாலு அடி முன்னால் நடந்தார். கொஞ்சத் தூரம் போனதும், "இண்டைக்கு என்ன படம், பிள்ளை?" என்று கேட்டார்.